பதினாறு எங்கே போயிற்று?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். மென்பொருள் கம்பெனியில் வேலை. லீவு நாளிலும் மடிக்கணினி மடியை விட்டு இறங்காது. நான் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கையைத் தட்டினாள்.

"தாத்தா, தொள்ளாயிரம் வரியை நூத்தியெண்பது வரியா சுருக்கிட்டேன். எல்லாம் பாஸ்!"

எதைச் சுருக்கினாய் என்று கேட்டேன். அவள் பொறுமைசாலி. எனக்குப் புரியும்படி சொன்னாள். அதை என் வயதுக்காரர்களுக்குப் புரியும்படி நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நாம் கைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது நம் கைபேசியும் வங்கியின் கணினியும் முதலில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. எந்த முறையில் பேசுவது, நீ நிஜமாகவே அந்த வங்கிதானா, உன் சான்றிதழ் செல்லுபடியாகுமா, யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச எந்தச் சாவியை வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். இந்த நெறிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அவள் கம்பெனி இந்த வேலையைச் செய்யும் மென்பொருளை உருவாக்குகிறது. அதில் யாராவது ஒரு வரியை மாற்றினாலும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி நடத்தியாக வேண்டும். அவற்றை வரிசையாக நடத்தி வைப்பதுதான் ஷெல் ஸ்கிரிப்ட்.

ஷெல் என்பது கணினியிடம் கட்டளைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏவலாள். யுனிக்ஸில் ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் வெளியானது. அதன் வழிவந்த பாஷ் 1989இல் வந்தது. நாம் டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து அடித்துக்கொண்டிருந்த காலத்துச் சரக்கு இன்னும் ஓடுகிறது என்று கேட்டதும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பழைய ஸ்கிரிப்டைத் திறந்து காட்டினாள். சேவையகத்தைக் கிளப்பு, 5 விநாடி பொறு, எதிர்முனை நிரலை அனுப்பு, முடிவை எழுதிக்கொள், சேவையகத்தை நிறுத்து. ஒவ்வொரு பிரிவுக்கும் இதே வரிகளைப் பல பேர் பல வருடமாக நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பேத்தி அவற்றையெல்லாம் ஒரே செயற்கூறாக்கி, சோதனைகளைத் தனிப் பட்டியலாக எழுதி, ஒவ்வொரு வரியாகப் படித்து நடத்தும்படி மாற்றிவிட்டாள். சும்மா 5 விநாடி காத்திருப்பதற்குப் பதில், சேவையகம் தயாரானதும் உடனே தொடங்கும்படி செய்தாள். 40 நிமிடம் ஓடியது 14 நிமிடத்துக்குள் முடிந்தது.

நல்ல வேலை. பாராட்டினேன். ஆனால் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் வாய் சும்மா இருக்குமா?

"முன்னே மொத்தம் எத்தனை சோதனை? இப்போ எத்தனை?"

"அதேதான் தாத்தா. பட்டியல் அப்படியே இருக்கே."

"பட்டியல்ல இருக்கறது இருக்கட்டும் கண்ணு. நடந்தது எத்தனை?"

பழைய பதிவுக் கோப்பை எண்ணினாள். 312. புதியதை எண்ணினாள். 296. வெற்றி 296, தோல்வி 0. எல்லாம் பச்சை நிறம்.

"பதினாறு எங்கே போச்சு?" என்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பும் கூடவே போய்விட்டது.

தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பட்டியலின் முதல் 295 வரிகள் "இணைப்பு கிடைக்க வேண்டும்" என்ற வகை. அவற்றில் எதிர்முனை நிரலுக்கு அனுப்ப ஒரு செய்தி கொடுக்கப்படும். கடைசி 17 வரிகள் "மறுக்க வேண்டும்" என்ற வகை. அவற்றில் அனுப்பச் செய்தி எதுவும் இல்லை. அந்த நிரலுக்கோ முதலில் செய்தியை முழுதாக வாங்கிக்கொண்டு பிறகு கிளம்புவதுதான் பழக்கம். தனக்கென்று எதுவும் கொடுக்கப்படாததால், பக்கத்தில் திறந்து கிடந்த சோதனைப் பட்டியலையே செய்தி என்று நினைத்து மிச்சம் பதினாறு வரிகளையும் விழுங்கிவிட்டது. ஸ்கிரிப்ட் திரும்பி வந்து பார்த்தபோது பட்டியல் காலி. வேலை முடிந்தது என்று நினைத்து "எல்லாம் வெற்றி" என்று எழுதிவிட்டது. ஷெல் எழுதுகிறவர்கள் பலர் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்களாம். அந்த நிரலுக்கு டெவ் நல் என்ற வெற்றுக் கோப்பைக் கொடுத்தால் போதும், சரியாகிவிடும். ஒரே வரி.

சரிசெய்த பிறகு 312 ஓடியது. பதினாறும் தேறிவிட்டன. "அப்போ ஒண்ணும் கெட்டுப்போகலை இல்ல, தாத்தா?" என்றாள்.

அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. காணாமல் போன பதினாறும் என்ன என்று வாசிக்கச் சொன்னேன். காலாவதியான சான்றிதழைக் காட்டினால் மறுக்க வேண்டும். வேறொருவர் பெயரில் உள்ள சான்றிதழை மறுக்க வேண்டும். எஸ்எஸ்எல் 3.0 என்ற 1996ஆம் வருடத்து முறையில் பேச வந்தால் மறுக்க வேண்டும். அதை 2015லேயே விலக்கிவிட்டார்கள். 2021இல் விலக்கப்பட்ட டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் மறுக்க வேண்டும். அதாவது வாசலில் நிற்கும் காவலாளி "உள்ளே வராதே" என்று சொல்லத் தெரிந்தவனா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்றைத் தவிர அத்தனையும் போய், "வாங்க வாங்க" என்று சொல்லத் தெரியுமா என்று பார்ப்பவைதான் மிஞ்சியிருந்தன. வாங்க சொல்லுவதற்குக் காவலாளி எதற்கு?

என் பள்ளிக்கூட நினைவு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறைக்கு 'ப்ரேவ் பார் நெஃப்' மறந்திருக்காது. ஒன்பதால் சரிபார்க்கும் கணக்கு. 47ஐ 23ஆல் பெருக்கினால் 1081. 4ம் 7ம் 11, அது 2. 2ம் 3ம் 5. இரண்டையும் பெருக்கினால் 10, அது 1. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 10, அது 1. சரி! ஆனால் அவசரத்தில் 1081ஐ 1801 என்று எழுதிவிட்டாலும் கூட்டினால் 1தான் வரும். சரி என்றுதான் அந்தச் சோதனை சொல்லும். ஒரு நாள் நான் அப்படி எழுதிவிட்டு, சரிபார்த்தாயிற்று என்று வாத்தியாரிடம் வாதாடினேன். அவர் சொன்ன பாடம் இன்னும் காதில் இருக்கிறது. சோதனை தப்பு என்று சொன்னால் தப்பு நிச்சயம். சரி என்று சொன்னால் எதுவும் நிச்சயமில்லை.

ஷெல்லில் இன்னொரு வேடிக்கையும் கண்டேன். எங்கள் திக்தேயில் ஐந்து பிழை விட்டால் சைபர். சைபர் என்றால் வீட்டில் அடி. ஷெல்லில் ஒரு கட்டளை சைபரைத் திருப்பித் தந்தால் வெற்றி என்று பொருள்! அதோடு, பல கட்டளைகளைக் குழாய் போல இணைத்துவிட்டால், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். முதல் கட்டளை சோதனையில் தோற்று, இரண்டாவது கட்டளை அந்தத் தோல்வியை ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதிவைத்தால், மொத்தமும் வெற்றி. நம் அலுவலகக் கோப்புகளும் இப்படித்தானே? கீழே யார் என்ன எழுதியிருந்தாலும் கடைசிக் கையெழுத்துதான் பேசும். பாஷில் பைப்ஃபெயில் என்ற ஏற்பாட்டைப் போட்டால் இடையில் தோற்றதும் தெரியும். போட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

இனி என் சொந்தக் கதை. இதை இதுவரை எழுதியதில்லை.

1980களின் கடைசியில் நான் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். குடும்ப ஓய்வூதியக் கோப்பு மேலே போவதற்கு முன் 23 கேள்விகள் கொண்ட செக் லிஸ்ட் ஒன்றை நிரப்ப வேண்டும். ஒரே பக்கத்தில் அடங்கும்படி சுருக்கு என்று எனக்குச் சொன்னார்கள். உற்சாகமாகச் செய்தேன். 11 ஆக்கினேன். எல்லோரும் மெச்சினார்கள்.

நான் நீக்கியவற்றில் ஒரு கேள்வி: பிரெஞ்சுக் காலத்து எத்தா சிவில் பதிவில் உள்ள பெயரும் பணிப்பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்து மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்ற சான்று இணைக்கப்பட்டுள்ளதா? நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 'சு' என்று எழுத ஆங்கிலத்தில் யு ஒன்று போதும், பிரெஞ்சில் ஓ, யு இரண்டும் வேண்டும். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. "ஆவணங்கள் சரியாக உள்ளனவா?" என்ற பொதுக் கேள்வியில் இதுவும் அடங்கிவிடும் என்று நினைத்தேன். பொதுக் கேள்விக்கு எல்லோரும் "ஆம்" என்று போட்டுவிட்டுப் போவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கணவரை இழந்த ஓர் அம்மாவின் கோப்பு அப்படிப் போய், பெயர் வேறுபாடு என்று திரும்பி வந்து, ஒரு கட்டுக்குள் சிக்கிக்கொண்டது. எட்டு மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. மாதாமாதம் வந்து என் மேஜை முன்னால் நின்றார். "மேலே போயிருக்கும்மா" என்று நானே சொல்லி அனுப்பினேன். என் புதிய தாளில் எல்லாக் கட்டங்களிலும் "ஆம்" இருந்ததே! கடைசியில் கட்டைப் பிரித்து அந்தக் கோப்பை எடுத்தபோது, நான் நீக்கிய கேள்விதான் அதன்மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தது. யாரோ ஒரு பழைய குமாஸ்தா அந்தக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. அவர் மேஜை முன்னாலும் ஓர் அம்மா நின்றிருக்க வேண்டும்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் எனக்கு இரண்டு கதைகள் சொன்னாள். 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில், ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஒரு வரியைப் பற்றி ஆய்வுக் கருவி எச்சரிக்கை காட்டியது. சுத்தம் செய்வதாக நினைத்து நீக்கினார்கள். ரகசியச் சாவிகளுக்கு எதிர்பாராத தன்மையைத் தந்துகொண்டிருந்ததே அந்த வரிதான். விளைவு, குறிப்பிட்ட ஒரு வகைச் சாவியை எத்தனை முறை உருவாக்கினாலும் 32,768 சாவிகளுக்குள் ஒன்றாகவே இருந்தது. 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. இரண்டாவது கதை 2014 பிப்ரவரியில். ஆப்பிள் நிரலில் ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை வந்து, கையெழுத்தைச் சரிபார்க்கும் படியையே தாண்டிப் போனது. போலிக் கையெழுத்தைக் காட்டி "மறுக்கிறாயா?" என்று கேட்கும் சோதனை ஒன்று இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

ஆகவே சுருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 900 வரியை யாரும் படிப்பதில்லை. நகலெடுத்து ஒட்டும் இடத்தில்தான் இரட்டை வரிகளும் முளைக்கின்றன. 23 கேள்விகளையும் படிக்காமலே டிக் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சுருக்கத்தான் வேண்டும். ஆனால் வரிகளைச் சுருக்கலாம், கேள்விகளைச் சுருக்கக் கூடாது. தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் ஒத்துப்போகாமல் பேரேட்டை மூடக் கூடாது. காரணம் புரியாத வரியை, புரிகிற வரைக்கும் நீக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்துவிட்டு, சோதனை கத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை அன்று இரவே பேத்தி செய்தாள். சோதனைச் சேவையகத்தில் டிஎல்எஸ் 1.0ஐ அனுமதித்துவிட்டு, சரிசெய்த ஸ்கிரிப்டை ஓட்டினாள். சிவப்பு. அதே கெட்ட சேவையகத்தின் மேல், கைதட்டி மகிழ்ந்த முதல் ஸ்கிரிப்டை ஓட்டினாள். பச்சை, 296 வெற்றி. சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நவம்பர் வந்தால் நம்மில் பலர் உயிர்வாழ் சான்றைக் கைரேகை வைத்தோ முகத்தைக் காட்டியோ கைபேசி வழியாகவே அனுப்புகிறோம். ஓய்வூதியம் அதை நம்பித்தான் இருக்கிறது. அந்தப் பூட்டு படத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு பிள்ளை ராத்திரி உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்டைச் சுருக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை எண்ணிப் பார்க்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

ஞாயிறு மாலை பஸ் ஏறுவதற்கு முன் பேத்தி என்னைக் கூப்பிட்டு ஸ்கிரிப்டின் கடைசி வரியைக் காட்டினாள். எதிர்பார்த்தது 312, நடந்தது 312 என்று ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் தோல்வி என்று நிறுத்தும் வரி. நூற்றெண்பது வரி நூற்றெண்பத்தாறு ஆகியிருந்தது.

"பரவாயில்லையா தாத்தா?" என்றாள்.

பரவாயில்லை கண்ணு. என் தாளிலும் அந்த ஒரு வரி கூடுதலாக இருந்திருக்கலாம்.