நெடுந்தீவுப் படகு உங்கட பட்ஜெட்டுக்கு ஓடேல்லை

இலங்கையைச் சுற்ற வரும் வெளிநாட்டுக்காரர் பலருக்கு யாழ்ப்பாணம் கடைசி ஊர். எல்ல, மிரிஸ்ஸ, சிகிரியா எல்லாம் முடிஞ்சு, கையில் காசும் நாளும் கரைந்த பிறகுதான் ரயிலேறி வருகிறார்கள். மிஞ்சின இரண்டு நாளில் என்ன செய்யலாம்? 'தீவுகளுக்குப் போங்கோ, செலவே இல்லை' எண்டு ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் வாசித்துவிட்டு, பையோட குறிகட்டுவானில் வந்து நிற்கிறார். கொழும்பிலிருந்து வார எங்கட பெடியளும் இதில விலக்கில்லை.

செலவே இல்லையாம். அந்த மலிவு எங்கிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

நெடுந்தீவுக்குப் பாலம் கிடையாது. புங்குடுதீவு வரைக்கும் தாம்போதி இருக்கு, அதுக்கு அங்கால ஒரு மணித்தியாலக் கடல். அங்கே வாழும் சுமார் 4,000 சனத்துக்கு அந்தப் படகுதான் பஸ், அதுதான் ரோட்டு. பெரிய வருத்தமெண்டால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வரவேணும், அதுக்கும் கடல்தான். காலையில் இங்கிருந்து போகும் படகில்தான் தீவில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் கந்தோர் உத்தியோகத்தர்களும் ஏறுகிறார்கள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் அதிலதான். சுற்றுலாக்காரர் ஏறுகிறதும் அதே படகு, திரும்புகிறதும் அவர்கள் திரும்புகிற அதே பின்னேரப் படகு. கட்டணம் குறைவாக இருப்பது தீவுச் சனத்துக்கு வேறு வழி இல்லாததால். அதைத்தான் நீங்கள் 'பட்ஜெட்' எண்டு எழுதுறியள்.

விடுமுறை நாளில் ஒருக்கால் இறங்குதுறையில் நிண்டு பாருங்கோ. கிளினிக் துண்டோட ஒரு அம்மா கீழே எஞ்சின் புகைக்குள்ள குந்தியிருப்பா. காற்றுப் படும் இடமெல்லாம் கமராக்களுக்குப் போயிருக்கும். அந்த அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. எங்கட சனத்துக்கு விருந்தாளியை எழுப்பிப் பழக்கமில்லை.

'சுற்றுலா வந்தால் தீவுக்கு வருமானம்தானே' எண்டு சொல்வார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். காலையில் இறங்கி, ஓட்டோக்காரரோட பேரம் பேசி, பெருக்கமரம், குதிரை, கல்வேலி, ஒல்லாந்தர் கோட்டை எண்டு ஓடிப் படமெடுத்து, மத்தியானம் திரும்ப இறங்குதுறை. கொண்டுவந்த பிஸ்கட்டையே சாப்பிட்டுக்கொள்வார்கள். ஓட்டோக்காரருக்கு ஏதோ கிடைக்கும், தேத்தண்ணிக் கடைக்குச் சில்லறை. மிச்சம் தீவில் விட்டுப் போகிற பிளாஸ்ரிக் போத்தல்.

இந்தக் கடல்வழிக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். செய்தது கடற்படை எண்டு தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தப் படகையே திருத்தி அதற்குப் பிறகும் பல வருடம் ஓட்டினார்கள், ஏனெண்டால் போக வேற வழி இல்லை. 'யாருக்கும் தெரியாத சொர்க்கம்' எண்டு ரீல்ஸ் போடுகிறவர் இதைத் தேடி வாசிக்க அஞ்சு நிமிசம் போதும்.

பயணிகளை மட்டும் திட்டி அலுவல் முடியாது. குதிரையின் படத்தை விளம்பரத்தில் போட்டு ஆட்களைக் கூப்பிடத் தெரிந்த அதிகாரிகளுக்கு, வாரவர்களுக்கெண்டு தனியாக ஒரு படகு விடத் தெரியேல்லை. வெளியாட்களிடம் உரிய கட்டணம் வாங்கலாம், தீவுச் சனத்துக்கு முதல் இடம் எண்டு வரிசை போடலாம். இதுக்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை.

அதுவரைக்கும், நெடுந்தீவு பார்க்க ஆசையெண்டால் ஒரு இரவு தங்குங்கோ. அங்கேயே காசு குடுத்து மீனும் சோறும் சாப்பிடுங்கோ. படகில் கடைசியாக ஏறுங்கோ. ஒரு நாள்தான் மிச்சமெண்டால் நயினாதீவு இருக்கு, அதே துறையிலிருந்து அடிக்கடி படகு போகுது, கோயிலும் விகாரையும் பார்த்துவிட்டு வரலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் பஸ்ஸிலயே போகலாம், அதுவும் மலிவுதான்.