விளக்கை அணைத்தால் புகை நிற்குமா?

காய்ச்சல் கண்டவனுக்குத் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவது வைத்தியம் ஆகாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால், டீசல் வேன்களுக்குச் சில பட்டறைகளில் இந்த வைத்தியம்தான் நடக்கிறது!

வேனின் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பில் கோளாறு என்று அது சொல்லுகிறது. டிரைவர் பட்டறைக்குப் போகிறார். "விளக்கு எரியுது அண்ணே, அணைச்சு விடுங்க" என்கிறார். மெக்கானிக் 'ஸ்கேனர்' என்ற கையடக்கக் கருவியைச் செருகுகிறார். பொத்தானை அமுக்குகிறார். விளக்கு அணைந்துவிடுகிறது.

நாலு நாள் கழித்து மறுபடியும் விளக்கு எரிகிறது. இப்போது வண்டியில் இழுவை இல்லை. பாலம் ஏறத் திணறுகிறது. மறுபடியும் பட்டறை. இந்தத் தடவை வேறு யோசனை பிறக்கிறது. "பில்டரையே எடுத்துவிடலாம்!"

பில்டர் போகிறது. விளக்கு எரிவது இல்லை. இழுவை வந்துவிடுகிறது. கூடவே புகையும் வந்துவிடுகிறது!

இது வைத்தியம் அல்ல. கோளாறை மறைக்கும் வேலை. இதனால் வேன்காரருக்கும் லாபம் இல்லை. ஊருக்கும் நன்மை இல்லை.

புகை எப்படி வருகிறது?

ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல் என்ற என்ஜினீயர் கண்டுபிடித்தது டீசல் என்ஜின். 1897-ம் ஆண்டில் அது வெற்றிகரமாக ஓடியது. பெட்ரோல் என்ஜினைப் போல இதற்குத் தீப்பொறி தேவை இல்லை. காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கும் சூடு அடைகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கிறது.

சரியாக எரியாத டீசல் கரியாக மாறுகிறது. விறகு அடுப்பில் பாத்திரத்தின் அடியில் பிடிக்கிறதே, அதே கரிதான். ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகவும் இருக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும்.

சூடு அதிகமானால் இன்னொரு தொல்லை. காற்றில் உள்ள நைட்ரஜன் வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு ஆகிறது. இது கண்ணுக்குத் தெரியாது.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் அறிவித்தது.

இதைத் தடுக்கத்தான் அரசாங்கம் விதிகளை இறுக்கிக்கொண்டே வந்தது. சென்னையில் 2010-ம் ஆண்டில் பி.எஸ்.4 விதி வந்தது. நாடு முழுவதற்கும் அது 2017-ல் வந்தது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ்.6. டீசலில் உள்ள கந்தகமும் குறைக்கப்பட்டது. பி.எஸ்.4 டீசலில் 10 லட்சம் பங்குக்கு 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ்.6 டீசலில் 10 பங்குதான்.

மூன்று காவலர்கள்

புதிய டீசல் வேன்களில் புகைக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.

முதல் காவலன் 'இ.ஜி.ஆர்.' வால்வு. என்ஜினிலிருந்து வெளியே வரும் புகையில் ஒரு பங்கை மறுபடியும் என்ஜினுக்குள் அனுப்புவது இதன் வேலை. அதனால் உள்ளே சூடு குறைகிறது. நச்சு வாயு குறைகிறது.

இரண்டாவது காவலன் கரி பில்டர். 'டி.பி.எப்.' என்று பட்டறையில் சொல்லுவார்கள். காபி பில்டர் தூளை நிறுத்திவிட்டு டிக்காஷனை மட்டும் கீழே விடுகிறது அல்லவா? அதைப் போல இது கரியை நிறுத்திவிட்டு வாயுவை மட்டும் வெளியே விடுகிறது.

மூன்றாவது காவலன் யூரியாத் திரவம். எல்லா வேன்களிலும் இது இல்லை. சிலவற்றில் உண்டு. சுத்தமான தண்ணீரில் நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா கலந்தது. இதைப் புகைக்குழாயில் தெளித்தால், நச்சு வாயு சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகிறது.

இந்த மூவரையும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் மேற்பார்வை செய்கிறது. சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று சென்சார்கள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி சரியாக இல்லை என்றால் மஞ்சள் விளக்கு எரிகிறது.

ஊர்ந்து போனால் அடைக்கும்

காபி பில்டரைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும்? அடைத்துக்கொள்ளும். கரி பில்டரும் அப்படித்தான். ஆனால் இதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியது இல்லை. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். சுமார் 600 டிகிரி சூட்டில் உள்ளே உள்ள கரி எரிந்துவிடும்.

அந்தச் சூடு வருவதற்கு வண்டி சிறிது நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். சென்னை நகருக்குள் அதுதான் முடிவது இல்லை!

காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வீடு நிற்க வேண்டும். பகலில் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஜவுளி மூட்டை இறக்க வேண்டும். பனகல் பார்க் அருகே ஊர்ந்துதான் போக முடியும். மாலையில் அடையாறு பாலத்தில் நெரிசல். மத்திய கைலாஷ் அருகே மறுபடியும் நெரிசல். நாள் முழுவதும் ஓடினாலும் பில்டருக்குப் போதிய சூடு கிடைப்பது இல்லை. கரி சேர்ந்துகொண்டே போகிறது.

பில்டர் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். இப்படி அடிக்கடி நடந்தால், கரியை எரிப்பதற்காக விட்ட டீசல் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் சந்தோஷப்படக் கூடாது. அது ஆபத்தின் அறிகுறி!

இதற்கு முதல் பரிகாரம் செலவு இல்லாதது. கரி பில்டர் விளக்கு மட்டும் விட்டுவிடாமல் எரிந்தால், விடியற்காலையில் திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை ஓட்டலாம். அனுமதித்த வேகத்தில், நிறுத்தாமல், சுமார் அரை மணி நேரம். வண்டியோடு கொடுத்த கையேட்டிலும் இப்படி ஒரு வழி சொல்லி இருப்பார்கள். பல சமயங்களில் விளக்கு தானே அணைந்துவிடும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும் ஓட்டக் கூடாது. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

காரணத்தைத் தேடு

நோய் எது, அது வந்த காரணம் எது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது வள்ளுவர் சொன்ன யோசனை. அவருக்கு மயிலாப்பூரில் கோயிலே இருக்கிறது. வேனுக்கும் அந்த யோசனை பொருந்தும்.

"விளக்கை அணைச்சு விடுங்க" என்று கேட்பது தவறு. "ஏன் எரியுதுன்னு பாருங்க" என்று கேட்க வேண்டும்.

ஸ்கேனரைச் செருகியவுடன் கம்ப்யூட்டர் ஒரு குறி எண் கொடுக்கும். 'பி 0401' என்றால் இ.ஜி.ஆர். வழியாகப் போதிய புகை போகவில்லை என்று அர்த்தம். 'பி 2463' என்றால் பில்டரில் கரி மிகுந்துவிட்டது என்று அர்த்தம். இந்த எண்ணை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அழித்துவிட்டால் நோயாளியின் சீட்டைக் கிழித்த கதைதான்!

ஆனால் எண்ணைப் பார்த்ததும் பாகத்தை மாற்றிவிடக் கூடாது. எண் தெருவின் பெயரைத்தான் சொல்லும். வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் மெக்கானிக்.

உதாரணம் ஒன்று. பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. அதற்கு இரண்டு மெல்லிய குழாய்கள் போகின்றன. அவற்றில் ஒன்று வெடித்தாலோ கழன்றாலோ, கம்ப்யூட்டருக்குப் பொய்ச் செய்தி போகும். நல்ல பில்டரையே கெட்டுவிட்டது என்று அது நினைக்கும். புதுப் பில்டருக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். குழாய்க்கு ஆவது சொற்பப் பணம்!

இதைச் சோதிப்பது சுலபம். என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்கேனரில் அழுத்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் சென்சார் மேல்தான் சந்தேகம்.

அடுத்து இ.ஜி.ஆர். வால்வு. இதில் கரி ஒட்டிக்கொண்டு, மூடாமல் நின்றுவிடுவது உண்டு. அப்போது இழுவை குறையும். கரும்புகை வரும். பல சமயங்களில் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

அதற்கு அடுத்தது காற்று. காற்று பில்டரில் தூசி அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். காற்று குறைந்தால் கரி கூடும். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரி கூடும். இதைச் சரிசெய்யாமல் புதுப் பில்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

புகையின் நிறத்தைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். கருப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், டீசல் சரியாக எரியவில்லை. அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது.

ஆயிலிலும் கவனம் வேண்டும். பில்டர் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. மலிவான ஆயிலில் மிச்சம் பிடித்த பணத்தைப் பில்டர் விழுங்கிவிடும்.

யூரியாத் திரவத்துக்குப் பதிலாக, வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுவது பெரிய தவறு. 2015 முதல் நம் நாட்டு உர யூரியாவுக்கு வேப்ப எண்ணெய் பூசுகிறார்கள். பயிருக்கு அது நல்லது. வண்டியின் கருவிக்கு அது விஷம்!

சர்டிபிகேட் மட்டும் போதுமா?

"புகை சர்டிபிகேட் கையில் இருக்கிறது. பிறகு என்ன கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தச் சோதனையில், டீசல் வண்டியின் புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவை அளப்பது இல்லை. சர்டிபிகேட் அவசியம்தான். ஆனால் அதுவே ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது.

உலகப் பெரிய கம்பெனி ஒன்றே இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டது. வோக்ஸ்வாகன் என்ற ஜெர்மன் கார் கம்பெனி, சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் புகையைக் குறைக்கும்படி கம்ப்யூட்டரில் தந்திரம் செய்திருந்தது. சாலையில் ஓடும்போது அந்தக் கார்கள் நச்சு வாயுவைத் தாராளமாகக் கக்கின. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இந்தத் தந்திரம் இருந்தது. 2015 செப்டம்பரில் குட்டு உடைந்தது.

அதற்கு வழி செய்தவர்கள், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஆராய்ச்சிக் குழுவினர். அரவிந்த் திருவேங்கடம் என்ற இந்தியரும் அதில் ஒருவர். அவர்கள் செய்தது என்ன? அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றி, சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்!

சோதனைக் கூடத்துக்கு ஒரு முகம், சாலைக்கு ஒரு முகம் என்று இருந்ததற்காக அந்தக் கம்பெனி உலகம் எங்கும் கோர்ட்டு ஏறியது. பில்டரை எடுத்த வேனும் சிறிய அளவில் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

வேன்காரரின் கஷ்டம்

வேன்காரர்களை மட்டும் திட்டுவது நியாயம் ஆகாது.

வேன் ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படி இல்லை. கடன் தவணை நிற்காது. பெரிய கம்பெனிப் பட்டறைக்குப் போனால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். பாகத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "எடுத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லும்போது மனம் சபலப்படுவது இயற்கை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. புகை விதியை மீறினால், 2019-ல் திருத்திய சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எப்.சி.க்குப் போகும்போது சிக்கல். விற்கும்போதும் சிக்கல். இன்று மிச்சம் பிடித்த பணம் நாளைக்கு வட்டியோடு போய்விடும்.

தெருவோர மெக்கானிக்குகளையும் குறை சொல்லிப் பயன் இல்லை. என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் கெட்டிக்காரர்கள் அவர்கள். ஆனால் சென்சாரின் பேச்சு காதுக்குக் கேட்காது. அதைப் படிக்க யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். கிண்டியில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே இவர்களுக்காக மாலை நேர வகுப்பு நடத்தலாம். நல்ல ஸ்கேனர் வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கலாம். அபராதம் போடும் அரசாங்கத்துக்கு இந்தக் கடமையும் உண்டு.

தாய்மார்கள் கேட்கலாம்

புகையை யார் சுவாசிக்கிறார்கள்? சிக்னலில் வேனுக்குப் பின்னால் நிற்கும் ஸ்கூட்டரில், அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை சுவாசிக்கிறது. பிளாட்பாரத்தில் பூ விற்கும் அம்மாள் சுவாசிக்கிறார். நாள் முழுவதும் வண்டியிலேயே இருக்கும் டிரைவரும் சுவாசிக்கிறார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வேனில் அனுப்பும் தாய்மார்கள், வாடகை எவ்வளவு, எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறார்கள். இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். "புகை சர்டிபிகேட் இருக்கிறதா? பில்டர் வண்டியில் இருக்கிறதா?" வேன் கிளம்பும்போது பின்னால் ஒரு தடவை பார்க்கலாம். கரும்புகை வந்தால், "சரி பண்ணிட்டு வாங்க தம்பி, ஒரு நாள் நாங்களே கொண்டு போய் விடறோம்" என்று சொல்லலாம்.

அந்த ஒரு நாள் அவகாசம்தான் பல வேன்காரர்களுக்குத் தேவை. அதைக் கொடுக்கப் பெற்றோர்கள் தயாராக இருந்தால், கோளாறை மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்காது.