வீட்டில் இருப்பவர் கையில் ஒரு தாள்



வேட்டை என்ற சொல்லைக் கண்டதும், "இது ஆண்களின் சங்கதி" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இம்மாதம் நாம் பேசப்போவது துப்பாக்கியைப் பற்றி அல்ல. முதன்முறையாக வேட்டைக்குப் புறப்படுபவரைப் பற்றியும், அவரை வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவரைப் பற்றியும்தான்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் தெற்கே பிக் சைப்ரஸ் என்றொரு சதுப்புநிலம் இருக்கிறது. 7 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. 1968ஆம் ஆண்டில் அங்கே உலகிலேயே மிகப் பெரிய விமான நிலையத்தைக் கட்டத் தொடங்கினார்கள். இயற்கை ஆர்வலர்களும், மிக்கசூக்கி பழங்குடி மக்களும், வேட்டைக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தனர். ஒரேயொரு ஓடுபாதையோடு வேலை நின்றது. 1974ஆம் ஆண்டு அந்நிலம் தேசியப் பாதுகாப்பு நிலமாயிற்று. வேட்டைக்கும் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். ஆகவே, சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவரும் உரிய அனுமதிப்பத்திரங்களுடன் பருவகாலத்தில் அங்கே மான் வேட்டைக்குப் போகலாம்.

சதுப்பு என்றதும் ஆளை விழுங்கும் சேறு என்று எண்ண வேண்டாம். பல இடங்களில் கணுக்காலளவு, முழங்காலளவு தண்ணீர்தான். அடியில் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையில் ஆங்காங்கே குழிகள். தண்ணீர் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கையில் ஒரு நீளக் கோல் வேண்டும். ஊன்றிப் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும்.

சைப்ரஸ் மரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். நடுவில் உயரம், ஓரத்தில் குட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கூட்டமும் ஒரு குப்பாவைப் போலிருக்கும். ஒன்றைப் போலவே மற்றதும். அந்த மரக்கூட்டத்தை அடையாளம் வைத்துத் திரும்பி வரலாம் என்று நினைப்பவர் ஏமாந்து போவது இதனால்தான். தண்ணீரில் காலடித் தடமும் நிற்காது. பல இடங்களில் கையடக்கத் தொலைபேசிக்கு சிக்னலும் கிடையாது.

இப்படியான இடத்துக்கு முதன்முறை போகிறவர் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

1975 ஜூன் 1ஆம் திகதி அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள், அம்மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். பொது நிலத்தில் துப்பாக்கியுடன் மான் வேட்டையாடுபவர் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் செம்மஞ்சள் நிறம் அணிய வேண்டும். "மான் கண்டு ஓடிவிடாதா?" என்று கேட்பீர்கள். மானின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் சிவப்பும் நமக்குப் போல் பளிச்சென்று தெரிவதில்லை. மற்ற வேட்டைக்காரரின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மனிதரை மனிதர் சுட்டுவிடாமல் காப்பது அந்த நிறம்தான்.

அடுத்து, வேட்டை நாளுக்கு முன் ஒருநாள் துப்பாக்கியில்லாமல் போய்வர வேண்டும். தண்ணீர் எவ்வளவு, நடக்க எத்தனை மணி நேரம் என்று கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும். திசைகாட்டி, வரைபடம், இரண்டு டோர்ச், விசில், குடிநீர், நுளம்பு மருந்து, பிளாஸ்டிக் உறையில் கட்டிய உலர்ந்த உடை ஆகியவை அவசியம். புளோரிடா வெப்பமான நாடுதானே என்று இருந்துவிடக் கூடாது. நனைந்த உடையுடன் குளிர்கால இரவொன்றைக் கழித்தால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகும். முதலையும் நஞ்சுப் பாம்பும் அங்கே உண்டு. ஆனால் இருட்டும் அவசரமும் அவற்றைவிடப் பொல்லாதவை.

டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அங்கே மாலை ஐந்தரை மணிக்கே சூரியன் மறைகிறது. மான்கள் அதிகம் நடமாடுவதோ அதிகாலையிலும் அந்தி நேரத்திலும். அந்தியில் சுட்டால், தேடுவதும் அறுப்பதும் சுமப்பதும் இருளில்தான். வெயில் நாளென்றால் இறைச்சியும் விரைவில் பழுதாகும். ஆகவே முதல் பயணத்தில் வாகனத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல் போகாதிருப்பதே புத்தி. எவ்வளவு தூரம் சுமந்து வர முடியுமோ, அவ்வளவு தூரம்தான் வேட்டை.

இனி, வீட்டில் இருப்பவரின் பங்கு. புறப்படுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்க வேண்டும்:

1. வாகனத்தை எங்கே நிறுத்துகிறார், அதன் நிறமும் இலக்கமும்.
2. எந்தத் திசையில் நடக்கிறார். வரைபடப் பிரதியில் பேனையால் வட்டமிட்டுத் தர வேண்டும்.
3. யாருடன் போகிறார், என்ன உடை, என்ன மருந்து எடுப்பவர்.
4. எத்தனை மணிக்குத் தொலைபேசியில் பேசுவார், எத்தனை மணிவரை பேசாவிட்டால் உதவி கேட்க வேண்டும்.
5. யாரிடம் கேட்க வேண்டும். பிக் சைப்ரஸ் நிலம் கொலியர், மொன்றோ, மயாமி-டேட் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. எந்த மாவட்டம் என்று தெரிந்தால்தான் சரியான ஷெரிப் அலுவலகத்துக்கு அறிவிக்கலாம்.

நான்காவதுதான் முக்கியமானது. நேரம் பிந்தும்போது வீட்டில் இருப்பவரின் மனம் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம். பொலிஸுக்குச் சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டு வந்து நின்றால் வெட்கமல்லவா? கோபிப்பாரே!" இந்தத் தயக்கத்தில் ஒரு மணி நேரம் இரண்டாகும், இரவு விடியலாகும். நேரத்தை அவரே முன்கூட்டி எழுதித் தந்திருந்தால் தயக்கத்துக்கு இடமில்லை. ஒன்பது மணிக்குப் பேசுவேன், பத்து மணிவரை பேசாவிட்டால் அறிவி என்று எழுதியிருந்தால், பத்து மணிக்கு அறிவிப்பது அவர் சொல்லைக் கேட்பதேயன்றி வேறில்லை.

போகிறவருக்கும் கடமையுண்டு. இடத்தை மாற்றுவதாயின் சதுப்புக்குள் இறங்குமுன் சொல்ல வேண்டும். வழி தவறினால் அலையாமல், ஈரமில்லாத மேட்டில் அமர்ந்து மும்மூன்று முறையாக விசில் ஊத வேண்டும். தேடுவோர் தாளைப் பார்த்துத்தான் வருவார்கள். தாளை மீறி நடப்பவர் தாளையே பொய்யாக்கிவிடுகிறார்.

அந்நாட்டில் பெண்களும் வேட்டைக்குப் போகிறார்கள். அப்போது தாள் கணவரின் கையில் இருக்கும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் கடலுக்கோ காட்டுக்கோ போகக்கூடும். "எப்ப வருவீங்க?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எத்தனை மணிக்குப் பிறகு நான் ஆள் அனுப்பித் தேட வேணும்?" என்றும் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.