சாலையோரச் செடிகளை வழித்து எடுத்தால் யாருக்கு நஷ்டம்? காப்புக்கட்டுப் பூ முதல் பட்டாம்பூச்சி வரை

பொங்கல் நெருங்கினால் கோவை, ஈரோடு, திருப்பூர் சந்தைகளில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வரும். வேப்பிலையோடு சேர்த்து வீட்டு முகப்பில் காப்புக்கட்டுவது கொங்கு வழக்கம். இந்தப் பூக்களைப் பெரும்பாலும் யாரும் பயிரிடுவதில்லை. தரிசிலும் சாலையோரத்திலும் தானாக வளர்பவை.

அந்த சாலையோரத்துக்குத்தான் இப்போது சிக்கல். திருவிழா என்றாலும் சரி, அமைச்சர் வருகை என்றாலும் சரி, கிராமச் சாலையில் முதலில் இறங்குவது பொக்லைன். தார் ரோட்டிலிருந்து வேலி வரை மண்ணோடு வழித்துவிடும். பார்க்க என்னவோ பளிச்சுனுதான் இருக்கும்.

களைதானே, போனால் என்ன?

எருக்கையே எடுத்துக்கொள்வோம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது எருக்கு போன்ற பால் வடியும் செடிகளில்தான். அதன் புழு, இலையில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதைப் பெரும்பாலும் தொடாது. எருக்கை எடுத்துவிட்டால், பக்கத்தில் எத்தனை தேன்பூ இருந்தாலும் இந்தப் பட்டாம்பூச்சிக்குப் பிரயோஜனம் இல்லை.

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. பூசணி, பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வந்தால்தான் காய். தோட்டத்தில் பூ இல்லாத மாதங்களில் அந்தத் தேனீக்குச் சாப்பாடு போடுவது சாலையோரத் தும்பையும் ஆவாரையும்தான்.

அதான் மரம் நடுகிறார்களே?

2015-ல் வந்த மத்திய அரசின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் நட ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கு. கிராமச் சாலைக்கு நடுவதைவிட, இருப்பதை விட்டுவைப்பதே பெரிய வேலை. செலவும் குறைவு.

பிரிட்டனில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1930-களுக்குப் பிறகு அங்கே காட்டுப்பூ புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் அழிந்துவிட்டது. மிச்சம் இருந்த புகலிடங்களில் சாலையோரமும் ஒன்று. 2011-ல் டார்செட் பகுதியில் திறக்கப்பட்ட வேமவுத் சாலையின் சரிவுகளில் வளமான மேல்மண்ணைக் கொட்டாமல், சுண்ணாம்பு மண்ணிலேயே காட்டுப்பூ விதைத்தார்கள். சத்து இல்லாத மண்ணில் புல் மண்டவில்லை, பூச்செடிகள் பிழைத்தன. சுமார் 30 வகைப் பட்டாம்பூச்சிகள் அங்கே பதிவாகின. நம்ம ஊர் சரளை மண்ணில் ஆவாரை செழிப்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

அப்படியென்றால் வெட்டவே கூடாதா?

வெட்டத்தான் வேண்டும். வளைவு, சந்திப்பு, பள்ளி வாசல் போன்ற இடங்களில் எதிரே வருவது தெரிய வேண்டும். பாம்பு பயமும் நியாயமானது. தார் ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டிவிட்டு, அதற்கு அப்பால் இருப்பதை விதை உதிரும்வரை விடலாம். வடகிழக்குப் பருவமழையில் முளைத்தவற்றுக்கு அது தை, மாசி. அப்போதும் அரிவாளால் அறுத்தால் போதும். மண்ணை வழித்தால் வேரும் விதையும் சேர்ந்து போய்விடும்.

பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். வழித்துப் போட்ட வெறும் மண்ணில் முதலில் வந்து உட்காருவதும் பெரும்பாலும் இதுதான்!

யாரிடம் கேட்பது?

நெடுஞ்சாலைத் துறை சாலை என்றால் உதவிப் பொறியாளர் அலுவலகம். ஊராட்சி சாலை என்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். அக்டோபர் 2, நவம்பர் 1 கூட்டங்கள் மழைச்செடி முளைக்கும் நேரத்தில்தான் வருகின்றன.