பள்ளி நேரத்து வயிற்றுவலி

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. முந்தலைக் கடந்து, 17 கொண்டையூசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டின் வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடங்களிலுள்ள ஏலத் தோட்டங்களுக்கு அவை தொழிலாளரை ஏற்றிச் செல்லுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆடி ஆவணி தொடங்கித் தை மாசி வரையில் காய் எடுப்பு நடைபெறுங் காலத்தில் இக்கூட்டம் இன்னும் பெருகும். தாய் வண்டியேறும்போது குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. அது கண் விழிக்கும்போது வீட்டில் பாட்டியோ, மூத்த அக்காளோ இருப்பாள். சில வீடுகளில் ஒருவருமே இரார். அக்குழந்தை தானே எழுந்து, தானே தலைசீவி, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் செல்லவேண்டும்.

இத்தகைய குழந்தைகளில் சிலர் ஒரு நாள் வயிறு வலிக்கிறதென்று படுத்துவிடுகிறார்கள். மறுநாள் தலைவலி, அதற்கு மறுநாள் வாந்தி. இன்று பள்ளிக்குப் போகவேண்டியதில்லை என்று நிச்சயமானதும் வலி நின்றுவிடுகிறது. சனிக்கிழமையில் வலி வருவதேயில்லை. ஞாயிறு மாலையில் திரும்பவும் தலைகாட்டுகிறது. இதைக் கண்ட பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லத் தாமதிப்பதில்லை. “மட்டம் போடுகிறான், இரண்டு போட்டால் சரியாகிவிடுவான்” என்கிறார்கள். நமது நியாயஸ்தலங்களில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட வாய் திறந்து பேச ஒரு சந்தர்ப்பமுண்டு, வக்கீலுண்டு, அப்பீலுண்டு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இவற்றில் ஒன்றேனும் உண்டா?

அந்த வலி பொய்யன்று என்பதையே இன்று நாம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். மனத்தில் அச்சம் மூண்டால் உடல் அதற்கு உடனே ஆயத்தமாகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, ஜீரண உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, குடல் முறுக்கிக்கொள்கிறது. காட்டு யானையைக் கண்டவனுக்கு நேர்வது எதுவோ, அதுவே வகுப்பறையை நினைத்த குழந்தைக்கும் நேருகிறது. யானை எதிரே நிற்கவில்லை என்பதனால் குடலின் முறுக்கு பொய்யாகிவிடுமா? விடுமுறை நாளில் வலி வராததைக் களவுக்குச் சாட்சியமாகக் காட்டுகிறார்கள். அதே சாட்சியம் அச்சத்திற்கும் பொருந்துமென்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அஞ்சும் பொருள் அகன்றால் அச்சத்தால் வந்த வலியும் அகலத்தானே செய்யும்?

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் காணப்படும் அதிசயமென்று யாரும் எண்ணவேண்டாம். பெங்களூர் நிமான்ஸ் நிலையத்தார் 2015–16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் ஏதேனுமொரு மனநலக் கோளாறு உடையவர்களென்று கண்டார்கள். உலக முழுவதிலும் 10 முதல் 19 வயதுள்ளோரில் 7 பேருக்கு ஒருவர் இவ்வாறு துன்புறுகிறாரென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இக்கோளாறுகளுள் அச்சமும் பதற்றமும் முன்வரிசையில் நிற்பவை.

மலையடிவாரத்துக் குழந்தையின் அச்சத்திற்கு வேர் பல. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்குக் குழறுமோ என்பது ஒன்று. பரீட்சை மற்றொன்று. காலையில் மலையேறிய தாய் மாலையில் இறங்கி வருவாளோ மாட்டாளோ என்பது, வாய்விட்டுச் சொல்லப்படாத மூன்றாவது. இதை வீண் பயமென்று தள்ளிவிட முடியுமா? தொழிலாளரை ஏற்றிச்சென்ற ஜீப்புகள் பள்ளத்தில் உருண்ட செய்தி இம்மலைகளுக்குப் புதிதன்று. 2018 மார்ச்சில் போடிக்கு மேலேயுள்ள குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மண்ணுக்கடியில் மறைந்தனர். பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொள்வதையெல்லாம் குழந்தை மூலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானிருக்கிறது.

ஆதலின் முதலில் செய்யவேண்டியது விசாரணை. உடலில் வேறு நோயுண்டா என்று வைத்தியரிடம் காட்டவேண்டும். இரத்தசோகை, குடற்புழு, கண்பார்வைக் குறை இவையும் குழந்தையைப் பள்ளியில் வாட்டும். பிறகு, பள்ளியிலோ வழியிலோ யாரேனும் அடிக்கிறார்களா, சாதி சொல்லி இழிவு செய்கிறார்களா, தகாத முறையில் தொடுகிறார்களா என்று தனிமையில், மிரட்டாமல் கேட்கவேண்டும். அப்படியொன்று வெளிப்பட்டால் திருத்தப்பட வேண்டியவர் வேறொருவரே. குழந்தையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுவது பாதகமாகும். குழந்தைகளுக்கு நேரும் தீங்கைத் தெரிவிக்க 1098 என்ற டெலிபோன் எண் இருக்கிறது.

இவை ஒன்றுமில்லை, அச்சமே நோய் என்று தெளிந்தபின் நம்மவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுகிறார்கள். இரண்டும் தவறென்பது நமது அபிப்பிராயம். அடித்து இழுத்துச் செல்வது ஒரு வழி. அதனால் பள்ளிக்கூடத்தோடு அடியும் சேர்ந்து அச்சம் இரட்டிப்பாகிறது. இரக்கப்பட்டு வீட்டில் இருத்திக்கொள்வது மற்றொரு வழி. இது அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் தீங்கு விளைப்பது. போகாதிருந்ததும் குழந்தையின் நெஞ்சு இலேசாகிறது. அந்த இலேசே மறுநாளும் போகாதிருக்கத் தூண்டுகிறது. ஒரு நாள் ஒரு வாரமாகி, வாரம் மாதமாகி, வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரே நீங்கிவிடுகிறது.

மூன்றாவது வழியொன்று உண்டு. மலைப்பாதையை வளைவு வளைவாக அமைத்தவர்கள் செங்குத்தான சரிவிலும் வண்டியை மேலேற்றிவிட்டார்களல்லவா? அச்சமுள்ள குழந்தையையும் அவ்வாறே ஏற்றவேண்டும். முதல் நாள் பள்ளி வாசல் வரை சென்று திரும்பட்டும். அடுத்த நாள் தனக்குப் பிடித்த உபாத்தியாயரிடம் சிறிது நேரம் இருக்கட்டும். பிறகு ஒரு பாடவேளை, பிறகு அரை நாள். ஒவ்வொரு படியிலும், அஞ்சியது நேரவில்லை என்பதைக் குழந்தை தன் அனுபவத்தால் அறிகிறது. மனநல வைத்தியர்கள் கையாளும் சிகிச்சையின் சாரம் இதுவே. தேவையானால் மருந்து கொடுப்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். திருநீறு போடுவதையும் கோயிலுக்கு வேண்டிக்கொள்வதையும் நாம் இகழவில்லை. அதோடு நின்றுவிடவேண்டாமென்று மட்டுமே சொல்லுகிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். குழந்தை அழுமே என்றஞ்சிச் சொல்லாமற் புறப்பட்டுப் போவது வழக்கமாயிருக்கிறது. எழுந்ததும் தாயைக் காணாத குழந்தை, அன்றிலிருந்து உறங்கவே அஞ்சுகிறது. முந்தின இரவே, “நாளைக்கு மலைக்குப் போகிறேன், விளக்கேற்றும் நேரத்துக்கு வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டுச் செல்வது நலம். தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். அழுகையை அடக்கிய பையனின் அச்சம் கோபமாகவும் முரட்டுத்தனமாகவும் வேறு வழியில் வெளிப்படும். உபாத்தியாயர்கள் அஞ்சும் குழந்தையைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாமலும், மதிப்பெண்ணைச் சபையறியக் கூவாமலும் இருந்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். காலையில் வாசலில் பெயர் சொல்லி அழைத்து, கரும்பலகை துடைப்பது போன்ற சிறு வேலையொன்றைக் கொடுத்தால் இன்னும் விசேஷம்.

“நாங்களெல்லாம் அடிபட்டுப் படித்தவர்கள்தாம், கெட்டா போனோம்?” என்று நமது நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அடிபட்டுப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் மேடையில் நின்று இவ்வாறு கேட்க முடிகிறது. அடிக்கஞ்சிப் பள்ளியை விட்டுவிட்டு, ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கவும் தோட்டத்தில் களையெடுக்கவும் போனவர்கள் மேடையேறிப் பதில் சொல்லுவதில்லை. அச்சமின்மையே சுதந்திரத்தின் முதற்படியென்று இத்தேசத்துக்குப் போதித்த பெரியோர்கள், பிரம்பினால் அதை ஊட்டலாமென்று சொன்னதில்லை.

சட்டம் குழந்தையின் பக்கம் நிற்கிறது. 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. 2017-ம் வருஷத்திய மனநலச் சட்டம், சர்க்காரின் மனநல சிகிச்சையை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டார், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கருள்ள கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்கவேண்டுமென்றும், ஆசிரியர்களுக்கு வருஷத்தில் இரண்டு முறை இவ்விஷயத்தில் பயிற்சி தரவேண்டுமென்றும் கட்டளையிட்டனர். ஏட்டிலுள்ள சட்டம் வீட்டு வாசலுக்கு வரவேண்டுமானால் கேட்பார் வேண்டும்.

எனவே நாம் கோருவன மூன்று. தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போடியிலிருந்து தாயொருத்தி குழந்தையுடன் அங்கே போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று; ஒரு தடவையில் தீரும் நோயுமன்று இது. ஆகையால் போடியிலேயே, தோட்டத்தில் வேலையில்லாத நாளில், குழந்தைகளுக்கான மனநல வைத்தியர் வந்திருந்து பார்க்கும்படி சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும். இரண்டாவது, சுப்ரீம் கோர்ட்டார் சொன்ன ஆலோசகர் இம்மலையடிவாரப் பள்ளிகளுக்கு வந்துள்ளாரா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவினர் கேட்கவேண்டும். அக்குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரும், பாதி பெண்களும் இருக்கவேண்டுமென்பது சட்டம். மலைக்குப் போன தாய் பகல் கூட்டத்துக்கு எவ்வாறு வருவாள்? கூட்டத்தை மாலையில் வையுங்கள். மூன்றாவது, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். 2022-ல் ஏற்பட்ட ‘டெலி மானஸ்’ ஏற்பாடு அது. அந்த எண்ணை ஜீப்புகள் நிற்குமிடங்களிலும் ரேஷன் கடைகளிலும் எழுதி வைப்பதைத் தொழிற்சங்கத்தார் மேற்கொள்ளலாம்.

பசித்த வயிற்றில் பாடம் ஏறாதென்பதை இந்நாடு முன்னமே உணர்ந்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பிறந்தது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. தாய் மலையேறிய வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் காலைச் சோற்றின் அருமையை இவ்வூரார் நன்கறிவார்கள். பசியால் வலிக்கும் வயிற்றை அறிந்துகொண்ட நாம், அச்சத்தால் வலிக்கும் வயிற்றையும் அறிந்துகொள்ளக் கூடாதா? ஊர்ப் பணியில் ஈடுபட்டுள்ள நண்பர்கள், தங்கள் தெருவில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்ட குழந்தை உண்டா என்று இவ்வாரமே விசாரிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.