முன்பள்ளியிலேயே அறுபடும் மலையகக் கல்வி

2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வறிய குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவர்களுக்கு இது ஆறுதல் தரும் ஏற்பாடே. ஆயினும் லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து, இவ்வுதவி பல்கலைக்கழக வாயிலை எட்டிவிட்டவர்களுக்கு மாத்திரமே உரியது. சாதாரண தரத்துடனோ அதற்கு முன்னரோ பாடசாலையை விட்டு நீங்கி, கொழும்பின் கடைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் செல்லும் பிள்ளைகளைப் பற்றியே நாம் கவலை கொள்கின்றோம்.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகத் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இத்தாமதத்தைச் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவிகள் ஓரளவு ஈடுசெய்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அவ்வாறு கிடைத்ததே. ஆனால் 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை நியமித்த அரசாங்கம், அவர்களுக்கு வழங்கியது மாதம் 6,000 ரூபாவே. ஆசிரியரையே அரைவயிற்றில் வைத்துக்கொண்டு கல்வித்தரத்தை உயர்த்தப் புறப்பட்ட விந்தை அது!

முதல் முறிவு முன்பள்ளியிலேயே நிகழ்கின்றது. இலவசக் கல்வி முதலாம் தரத்திலிருந்துதான் ஆரம்பமாகின்றது. அதற்கு முந்திய பருவத்தில் தோட்டக் குழந்தைக்குக் கிடைப்பது பிள்ளைக் காம்பராவாகும். தாய் கொழுந்து பறிக்கச் செல்வதற்காக ஏற்படுத்தப்பட்ட இடம் அது. குழந்தை கற்பதற்காக ஏற்படுத்தப்பட்டதன்று. இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என அழைக்கப்படுகின்றது. பெயர் மாறிய அளவுக்கு உள்ளேயும் எல்லாத் தோட்டங்களிலும் மாறிவிட்டது எனக் கூற முடியாது. நகரத்துப் பிள்ளை எழுத்தறிந்து முதலாம் தரத்துக்கு வரும்போது, லயத்துப் பிள்ளை அன்றுதான் புத்தகத்தைத் தொடுகின்றது.

அடுத்த முறிவு உயர்தர விஞ்ஞானப் பிரிவில். நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்டு, பல்கலைக்கழக அனுமதியில் அத்தகைய மாவட்டங்களுக்குரிய 5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம்பெறுகின்றது. ஆனால் அங்கு அளவுகோல் மாவட்டமே. நுவரெலியா நகரின் வசதிமிக்க பாடசாலை மாணவனும் லிந்துலையின் மேற்பிரிவுத் தோட்டத்து மாணவியும் ஒரே கணக்கில் சேர்கின்றனர். ஆய்வுகூடமோ பௌதிகவியல் ஆசிரியரோ இல்லாத பாடசாலைக்கு இவ்வொதுக்கீட்டால் என்ன பயன்? 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில்தான் உள்ளது. செடியை ஆராய அத்தனை ஆய்வுகூடங்கள் அமைந்த அதே மலைகளில், அச்செடியில் கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கு ஒன்றை அமைப்பதில் இத்தனை தயக்கம்.

இந்நிலை நமக்கு மாத்திரம் உரியதன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற ரோமா மக்களின் பிள்ளைகளும் கல்வியில் ஒதுக்கப்பட்டே வந்துள்ளனர். செக் குடியரசில் அவர்கள் பெருமளவில், கற்றல் குறைபாடுள்ளோருக்கான விசேட பாடசாலைகளில் சேர்க்கப்பட்டமை பாரபட்சமென 2007இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் நிறுவப்பட்ட ரோமா கல்வி நிதியமோ முன்பள்ளி ஆதரவு முதல் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் வரை ஒரே பணியாக மேற்கொண்டது. அங்கும் பாரபட்சம் ஒழிந்துவிடவில்லை. எனினும் எந்தப் படியில் பிள்ளை விழுகின்றதோ அந்தப் படியில் கைகொடுக்க வேண்டும் என்ற அணுகுமுறை நாம் கவனத்திற்கொள்ளத்தக்கது.

இங்கோ முன்பள்ளி ஒருவர் கையில், பாடசாலை இன்னொருவர் கையில், பல்கலைக்கழக அனுமதி மற்றொருவர் கையில் உள்ளது. இந்திய உதவியுடன் இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் போன்றவை உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கைகொடுக்கின்றன. அதற்குக் கீழேயுள்ள படிகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டும். தோட்ட முன்பள்ளிகளைக் கல்வி நிர்வாகத்தின் கீழ்க் கொணர்ந்து, அங்கு கற்பிப்போருக்குப் பயிற்சியும் நிரந்தர ஊதியமும் வழங்குவது முதற்பணியாகும். தூரத் தோட்டங்களின் உயர்தர மாணவியர் தங்கிப் படிக்க ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பாதுகாப்பான விடுதிகள் வேண்டும். மாலை வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட நேரும் என்ற அச்சமே மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தப் பெற்றோருக்குப் போதிய காரணமாகிவிடுகின்றது.