லினக்ஸில் டச்பேட் மக்கர் பண்ணுதா? செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் ஒரு நிமிஷம்!

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. பழைய லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றியவரா நீங்கள்? டச்பேடோ வைஃபையோ வேலை செய்யாவிட்டால் உடனே வரும் அட்வைஸ், 'செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க' என்பதுதான். அது சரியா?

டச்பேடைத் தொட்டதும் பிராசஸருக்குப் போகும் 'என்னைக் கவனி' சிக்னல்தான் இன்டரப்ட். 1,00,000 சிக்னல்களில் 99,900-க்கு மேல் எந்த டிரைவரும் கவனிக்காவிட்டால், கர்னல் அந்த லைனையே மூடிவிடும். லாக்கில் 'நோபடி கேர்டு' என்று பதிவாகும். பயாஸ், கர்னல் அப்டேட்தான் இதற்கு முதல் வைத்தியம். செக்யூர் பூட்டுக்கும் இதற்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை.

அடுத்தது வேறு கதை. 2019 நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4-ல் 'லாக்டவுன்' வசதி சேர்ந்தது. உபுண்டு, ஃபெடோராவில் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் இது தானாக இயங்கும். டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை, ரூட் யூசரே கேட்டாலும் உள்ளே விடாது. இது கோளாறு அல்ல, காவல். ஆஃப் செய்தால் டிரைவர் ஓடும். அதே வழியில் மால்வேரும் கர்னலுக்குள் புகலாம்.

அப்போ என்ன செய்வது? முதலில் லாக்கைப் பாருங்க. 'நோபடி கேர்டு'ன்னா அப்டேட். 'கீ வாஸ் ரிஜெக்டட்'னா, சொந்தமாக ஒரு கீ உருவாக்கி, டிரைவருக்குக் கையொப்பமிட்டு, அந்தக் கீயை சிஸ்டத்தில் பதிவு செய்யுங்க. பத்து நிமிஷ வேலைக்காகக் காவலை விலக்க வேண்டாம்.